நான்கு எலுமிச்சையும் ஐந்தாவதாக ஒரு வண்டியும்

2023 மார்ச்சில் புது எஸ்யூவி எடுத்த அன்று நேராக பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குத்தான் ஓட்டிப் போனோம். பூஜை முடிந்து, பானெட்டில் சந்தனப் பொட்டு வைத்து, நான்கு சக்கரத்துக்கும் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினோம். நசுங்காத ஐந்தாவது பழம் ஒன்று இருந்ததும், அதைத்தான் நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்தோம் என்பதும் மே மாதத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவில், வாங்கிய நாளிலிருந்து ஓயாமல் மக்கர் பண்ணும் வண்டிக்கு லெமன் என்று பெயர். அதைத் தயாரித்த கம்பெனி பணத்தைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் வேறு வண்டி தர வேண்டும் என்று சொல்வது லெமன் லா. 1982இல் கனெக்டிகட் மாநிலம் முதலில் கொண்டுவந்தது. இன்று ஐம்பது மாநிலத்திலும் இருக்கிறது, ஆளுக்கொரு கணக்கோடு. நான் இருப்பது எடிசனில். அதனால் இங்கே சொல்வதெல்லாம் நியூ ஜெர்சி கணக்கு.

நான் வக்கீல் இல்லை, சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்து, அவர்கள் மறுக்க முடியாதபடி எழுதிக் கொடுப்பது பதினாறு வருஷமாக என் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே முதல் தடவை கோட்டை விட்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மே மாதம், ஓக் ட்ரீ ரோடு. சிக்னலில் இடது பக்கம் திரும்ப ஆக்சிலரேட்டரை மிதிக்கிறேன். எஞ்சின் உறுமுகிறது, வண்டி வேகமெடுக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம். பிறகு பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி பாய்கிறது. எதிரே ஒரு டிரக். பின் சீட்டில் பாட்டு கிளாஸுக்குப் போகிற மகள். அதே வாரத்தில் இன்னொரு தடவை நடந்ததும் டீலரிடம் போனேன். ஓடோமீட்டர் 2,870 மைல். சர்வீஸ் அட்வைசரிடம் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டே ஏதோ தட்டினார். சாயங்காலம் வண்டியைக் கொடுத்து, “பார்த்துவிட்டோம், நன்றாக இருக்கிறது” என்றார்கள். தாளை மடித்து கிளவ் பாக்ஸில் போட்டேன். படிக்கவில்லை.

ஐந்து மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் அதில் இருந்தது இவ்வளவுதான்: “வாடிக்கையாளர் கேட்டபடி பொதுப் பரிசோதனை. குறை இல்லை.” இடது திருப்பம் இல்லை, தயக்கம் இல்லை, டிரக்கும் இல்லை. சட்டத்தின் கண்ணில் நான் அன்று வண்டியைச் சும்மா காட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று பிறகு சொல்கிறேன், சென்ட் கணக்கு வரை இருக்கிறது.

இப்போது சட்டம் எண்ணுகிற விதம். வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருஷம், அல்லது 24,000 மைல், எது முதலில் வருகிறதோ அதற்குள் குறையைத் தெரிவித்திருக்க வேண்டும். குறை என்றால் வண்டியின் பயன்பாட்டையோ மதிப்பையோ பாதுகாப்பையோ கணிசமாகக் குறைக்கிற ஒன்று. கதவில் கிறுகிறு சத்தம், கப் ஹோல்டர் ஆட்டம் இதற்கெல்லாம் இந்தப் பக்கம் வராதீர்கள். லீஸ் எடுத்த வண்டிக்கும் சட்டம் உண்டு. கமர்ஷியல் வண்டிக்கு இல்லை.

அதற்குமேல் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். ஒரே குறைக்கு மூன்று தடவை ரிப்பேர் பார்த்தும் அது போகவில்லை. அல்லது ரிப்பேருக்காக வண்டி மொத்தம் 20 நாளோ அதற்கு மேலோ அவர்களிடம் கிடந்தும் குறை இன்னும் இருக்கிறது. அல்லது உயிருக்கோ பலத்த காயத்துக்கோ வழி செய்கிற குறையாக இருந்து, ஒரு தடவை பார்த்தும் தீரவில்லை. இருபது நாள் என்பது சேர்ந்தாற்போல் இருக்க வேண்டியதில்லை, கூட்டிக்கொள்ளலாம். சனி ஞாயிறும் சேர்த்தி. ஓட்டிக்கொள்ள லோனர் வண்டி கொடுத்தார்கள் என்பதற்காக நாளைக் குறைத்து எண்ணாதீர்கள்.

பக்கத்து மாநிலக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் நான்கு தடவை, அல்லது 30 நாள். எல்லை 18,000 மைல் அல்லது இரண்டு வருஷம். பென்சில்வேனியாவில் மூன்று தடவை, அல்லது 30 நாள், ஆனால் எல்லை வெறும் 12,000 மைல் அல்லது ஒரு வருஷம். கலிஃபோர்னியா தனி உலகம். அங்கே 2024க்குப் பிறகு விதிகள் மாறி, எந்தக் கம்பெனி எந்த நடைமுறைக்கு ஒத்துக்கொண்டது என்பதைப் பொறுத்துக் கெடு மாறுகிறது. அங்கிருப்பவர்கள் முதல் வேலையாக வக்கீலைப் பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். இதில் பெரிய வேலை ஒன்றுதான்: ரிப்பேர் ஆர்டர் எனப்படும் அந்தத் தாள்.

நியூ ஜெர்சி சட்டம் வண்டியைத் திருப்பித் தரும் ஒவ்வொரு தடவையும் படிக்கிற மாதிரி ஒரு விவரத்தாள் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. நீங்கள் சொன்ன குறை, அவர்கள் கண்டறிந்தது, செய்த வேலை, வண்டி உள்ளே போன தேதியும் மைலும், வெளியே வந்த தேதியும் மைலும். “வாரண்டிதானே, பில் எதுவும் இல்லை” என்று வெறுங்கையோடு அனுப்பப் பார்ப்பார்கள். பில் வேறு, இது வேறு. வாங்காமல் நகராதீர்கள். அதைவிட முக்கியம், வண்டியை விடும்போதே அட்வைசர் என்ன தட்டியிருக்கிறார் என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டாவது தடவை போனபோது நான் வாயால் எதுவும் சொல்லவில்லை. அரைப் பக்கம் அச்சடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். “வண்டி மெதுவாக உருண்டு வந்து, முழுசாக நிற்காமல், மணிக்கு 5 முதல் 10 மைல் வேகத்தில் இடது பக்கம் திரும்பும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுமார் 2 விநாடி இழுவை இல்லை. பிறகு பலமாகக் குலுங்கிப் பாய்கிறது. எஞ்சின் சூடான பிறகு, 20 நிமிடம் ஓட்டியபின் வருகிறது. இதுவரை ஆறு தடவை. தேதியும் இடமும் கீழே.” இதை அப்படியே ஏற்றுங்கள் என்றேன். சுருக்கித்தான் ஏற்றுவோம் என்றார். “இடது திருப்பம், 2 விநாடி, இழுவை இல்லை, இந்த மூன்றும் இருந்தால் போதும்” என்றேன். ஏற்றினார். அடுத்தடுத்த தடவைகளிலும் அதே சொற்களைத்தான் பயன்படுத்தினேன். ஒரு தடவை ‘தயக்கம்’, அடுத்த தடவை ‘குலுக்கல்’, அதற்கடுத்து ‘ஆஃப் ஆகிறது’ என்று மாற்றி மாற்றிச் சொன்னால், மூன்று தனித்தனிக் குறை, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தடவைதான் பார்த்தோம் என்று கம்பெனி வக்கீல் சொல்வார். கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

என் அப்பா நாமக்கல்லில் இரண்டு லாரி வைத்திருந்தார். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு நீளநோட்டு இருக்கும். எந்தப் பட்டறை, எத்தனையாவது கிலோமீட்டர், என்ன சொன்னோம், என்ன மாற்றினான், எல்லாம் அதில். போனில் இந்த வண்டிக் கதையைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “நோட்டுல ஏத்தினியாம்மா?” என்பதுதான். ஏற்றவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுத்த தலைவலி “எங்களிடம் அந்தக் குறை வரவில்லை” என்கிற பதில். எங்கள் தொழிலில் டெவலப்பர்கள் தினமும் சொல்வது இது. அதற்கு என்ன செய்வோமோ அதையேதான் இங்கேயும் செய்தேன். டாஷ்கேம் ஒன்று வாங்கி, தேதியும் நேரமும் படத்திலேயே விழும்படி வைத்தேன். மீட்டர் தெரிகிற மாதிரி பக்கத்து சீட்டிலிருந்து வீட்டுக்காரர் போனில் எடுத்தார். ஓட்டிக்கொண்டே நீங்களே எடுக்காதீர்கள், அதற்கு வேறு சட்டம் பாயும். பிறகு டீலரிடம், டெக்னீஷியனை என்னோடு அனுப்புங்கள், நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்று கேட்டேன். மூன்றாவது தடவை ஃபோர்மேன் ஏறினார். இருபத்திரண்டாவது நிமிடத்தில் வண்டி தன் வேலையைக் காட்டியது. மனுஷர் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். “வாடிக்கையாளர் சொன்ன குறை உறுதி செய்யப்பட்டது” என்ற வரி அன்றுதான் தாளில் ஏறியது. அந்த வரிக்குப் பிறகு யாரும் என்னிடம் நீங்கள் ஓட்டும் விதம் சரியில்லை என்று பேசவில்லை.

இன்னொரு இடமும் பாருங்கள். சாலைப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பு என்.எச்.டி.எஸ்.ஏ. அதன் தளத்தில் உங்கள் வண்டியின் பதினேழு இலக்க அடையாள எண்ணான வி.ஐ.என்.ஐப் போட்டால் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைத்திருப்பது, இருக்கிறதா என்று வரும். மாடலைப் போட்டால் மற்றவர்கள் கொடுத்த புகார்களும், கம்பெனி தன் டீலர்களுக்கு அனுப்பிய தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளும் வரும். காசு கிடையாது. எங்கள் மாடலுக்கு, குறைந்த வேகத்தில் கியர் பிடிக்கத் தாமதமாவதைப் பற்றி ஒரு சுற்றறிக்கையே இருந்தது. அதை அச்சடித்து ஃபைலில் சேர்த்தேன். நீங்களும் ஒரு புகார் பதிந்துவிடுங்கள், தேதி போட்ட இன்னொரு சாட்சி அது.

இனி கடிதம். பலர் வழுக்குவது இங்கேதான். டீலர் எத்தனை தடவை பார்த்தாலும், தயாரித்த கம்பெனிக்கு நீங்கள் எழுத்தில் தெரிவித்து, கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். ஒரே குறைக்கு இரண்டு தடவை ரிப்பேர் பார்த்து முடிந்ததுமே இதை அனுப்பலாம். இருபது நாள் கணக்கானால் அது நிறைந்ததும், உயிர் ஆபத்துக் குறையானால் ஒரு தடவைக்குப் பிறகும் அனுப்பலாம். கடிதம் கையில் கிடைத்ததிலிருந்து பத்து நாள் அவர்களுக்கு. அனுப்புவது டீலருக்கு அல்ல, கம்பெனிக்கு. முகவரி வாரண்டி புத்தகத்தில் இருக்கும். ஈமெயில், சாட், கஸ்டமர் கேர் போன் எதுவும் இதற்கு ஈடாகாது. சர்டிஃபைடு மெயில் (நம்மூர்ப் பதிவுத் தபால் மாதிரி), கூடவே ரிட்டர்ன் ரிசீட்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். வி.ஐ.என்., வாங்கிய தேதி, இன்றைய மைல், ஒவ்வொரு தடவையும் உள்ளே வெளியே தேதிகள், குறை இன்னும் இருக்கிறது என்ற ஒரு வாக்கியம், நியூ ஜெர்சி லெமன் லாவின்படி இது கடைசி வாய்ப்பு என்ற ஒரு வாக்கியம், பகலில் எடுக்கிற போன் நம்பர். ரிப்பேர் ஆர்டர் நகல்களை இணையுங்கள், ஒரிஜினலை யாருக்கும் கொடுக்காதீர்கள். என் முதல் வரைவில் மகள், டிரக், அம்மாவின் பிளட் பிரஷர் எல்லாம் இருந்தது. வீட்டுக்காரர் படித்துவிட்டு, “இதுல எது அவங்க சரி பண்ண வேண்டியது?” என்றார். பாதிக்கு மேல் அடித்தேன்.

கடிதம் சேர்ந்ததற்குச் சாட்சியாகத் தபால்காரர் திருப்பிக் கொண்டுவரும் ரசீது ஒரு பச்சை அட்டை. கிரீன் கார்டுக்கு எத்தனையோ வருஷமாக வரிசையில் நிற்கிற எங்கள் வீட்டுக்கு அது ஆறே நாளில் வந்து சேர்ந்தது. அதையும் ஃபைலில் வையுங்கள். பத்து நாளை அந்த அட்டையில் இருக்கும் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.

கம்பெனி ஓர் இன்ஜினியரை அனுப்பியது, எட்டு நாள் வண்டியை வைத்துக்கொண்டார்கள். என் கணக்கு இப்போது இப்படி: ஜூலையில் 4 நாள், சாஃப்ட்வேர் அப்டேட். செப்டம்பரில் 9 நாள், பாகம் மாற்றினார்கள். அக்டோபரில் 8 நாள். ஒரே குறைக்கு மூன்று தடவை, மொத்தம் 21 நாள். மே மாதத்துத் தடவை கணக்கிலேயே இல்லை. வண்டி திரும்பி வந்த நான்காம் நாள், கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் ஏறுகிற வளைவில் மறுபடி அதே கதை.

அதற்குப் பிறகு மாநில நுகர்வோர் துறையில் இருக்கும் லெமன் லா பிரிவுக்கு விண்ணப்பித்தேன். அலுவலகம் நியூவார்க்கில். விண்ணப்பப் படிவத்தோடு வாங்கிய ஒப்பந்தம், ரிப்பேர் ஆர்டர்கள், கம்பெனிக் கடிதம், பச்சை அட்டை இவற்றின் நகல்கள். கட்டணம் 50 டாலர். ஏற்றுக்கொண்டால் நிர்வாக நீதிபதி முன் விசாரணைக்குத் தேதி கொடுப்பார்கள். விசாரணை முடிந்து இருபது நாளுக்குள் நீதிபதி தீர்ப்பு எழுத வேண்டும், அதன்பின் துறையின் இயக்குநர் பதினைந்து நாளுக்குள் அதை ஏற்கவோ மாற்றவோ தள்ளவோ வேண்டும். கோர்ட்டுக்கே நேராகப் போகலாம், அது நீளும்.

வக்கீல் தேவையா? நீங்கள் ஜெயித்தால் நியாயமான வக்கீல் செலவைக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் இங்கே காசு வாங்காமல் வாதாடுகிறோம் என்ற விளம்பரங்கள் அவ்வளவு. என் தாள்கள் சுத்தமாக இருந்ததால் நான் வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனி குறையே இல்லை என்று சாதித்தாலோ, வண்டியை நீங்கள் கெடுத்தீர்கள் என்றாலோ வைத்துக்கொள்வது நல்லது. அந்த இரண்டாவது வாதத்துக்கு இடம் கொடுக்காமலிருக்க ஆயில் மாற்றிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வெளியில் ரிமோட் ஸ்டார்ட்டர், ஆம்ப்ளிஃபையர் என்று எதையும் மாட்டாதீர்கள். டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரால் எந்தப் பிரச்சினையும் வரவில்லை.

விண்ணப்பம் போன பிறகு போன் வரத் தொடங்கும். எனக்கு முதலில் வந்தது 2,500 டாலர் ரொக்கம், கூட நீட்டித்த வாரண்டி, வண்டி என்னிடமே இருக்கும். வீட்டில் இரண்டு நாள் விவாதம். இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே திரும்ப 2,500 டாலர் போதுமா என்பதுதான் கேள்வி. வேண்டாம் என்றோம். சின்னக் குறை என்றால் அந்தப் பணம் மோசமில்லை, பாதுகாப்புக் குறைக்கு வாங்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது முழுப் பணத்துக்கு ஒத்துக்கொண்டார்கள்.

முழுப் பணம் என்றால் விலை, விற்பனை வரி, பதிவுக் கட்டணம், கடனுக்குக் கட்டிய வட்டி, டோயிங், வாடகை வண்டிச் செலவு. இதிலிருந்து நீங்கள் ஓட்டிய பங்கைக் கழிப்பார்கள். விலையை, முதல் தடவை அந்தக் குறைக்காக வண்டியைக் காட்டியபோது இருந்த மைலால் பெருக்கி, ஒரு லட்சத்தால் வகுக்க வேண்டும். எங்கள் வண்டி 41,600 டாலர். மே மாதத்து 2,870 மைல் என்றால் கழிவு 1,193 டாலர் 92 சென்ட். ஆனால் தாளில் குறை முதலில் ஏறியது ஜூலையில், 4,410 மைலில். கழிவு 1,834 டாலர் 56 சென்ட். நான் படிக்காமல் மடித்து வைத்த அந்த ஒரு வரிக்கு விலை 640 டாலர் 64 சென்ட். இதுவே, பார்த்துக்கொள்ளலாம் என்று 11,000 மைல் வரை தள்ளிப்போட்டுவிட்டு முதல் தடவை காட்டியிருந்தால் 4,576 டாலர் போயிருக்கும். முதல் குலுக்கலுக்கே போங்கள்.

இடையில் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் பேங்குக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது. வண்டி ஓடாவிட்டாலும் கிரெடிட் ஸ்கோர் ஓடிவிடும். பணம் வரும்போது முதலில் பேங்கின் பாக்கி போய், மிச்சம்தான் நம் கைக்கு.

24,000 மைலைத் தாண்டிவிட்டவர்களுக்கும் கதவு முழுக்க மூடவில்லை. வாரண்டி இன்னும் இருக்கும்போது குறையைக் காட்டியிருந்தால் 1975ஆம் வருஷத்து மத்திய வாரண்டிச் சட்டமான மேக்னசன்-மாஸ் இருக்கிறது. அதற்கு வக்கீலிடம்தான் போக வேண்டும். ஊரிலிருந்து தம்பி, “நம்ம ஊர்ல இப்படி உண்டாக்கா?” என்று கேட்டான். தடவையும் நாளும் எண்ணுகிற சட்டம் இந்தியாவில் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், உற்பத்தியிலேயே குறை என்று காட்டும் பாரம் வாங்கியவர் தலையில். அங்கேயும் ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற நாளுக்குச் சில வேலைகள். டோல் கட்டுகிற ஈ-இசட் பாஸ் கருவியைக் கண்ணாடியிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் டோலை நீங்கள் கட்டுவீர்கள். வண்டித் திரையில் போன் இணைப்புகள், வீட்டு முகவரி, கராஜ் கதவு பட்டன் எல்லாவற்றையும் அழியுங்கள். நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். அடுத்த வண்டிக்கு மாற்றலாம், இல்லையென்றால் மோட்டார் வாகன அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிய பிறகே இன்ஷூரன்ஸை நிறுத்துங்கள். ஓடோமீட்டரைப் போட்டோ எடுங்கள். செக் கைக்கு வருவதற்கு முன் சாவியின் இரண்டு செட்டையும் கொடுத்துவிடாதீர்கள். அந்த வண்டி மறுபடி இங்கே விற்பனைக்கு வந்தால், அது திரும்பி வந்த வண்டி என்று வாங்குபவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

பிள்ளையாரை எடுக்க ஹேர் டிரையர் காட்ட வேண்டியிருந்தது. வட்டமாக ஒரு பசைத் தடம் மட்டும் நின்றுவிட்டது. வாங்க வந்த கம்பெனி ஆள் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, தன் தாளில் அதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டார்.